வீட்டுப் பத்திரத்தின் பேரில் கடன்: முகவரிடம் கேட்க வேண்டியவை, கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

தொழிலை விரிவாக்க, பிள்ளைகளின் மேற்படிப்புக்கு, எதிர்பாராத மருத்துவச் செலவுக்கு எனப் பெருந்தொகை தேவைப்படும்போது, சொந்த வீடு உள்ள குடும்பங்களின் நினைவுக்கு முதலில் வருவது பீரோவில் இருக்கும் வீட்டுப் பத்திரம். அதை அடமானமாக வைத்துப் பெறும் கடனுக்குத் தனிநபர் கடனைவிட வட்டி குறைவு. திருப்பிச் செலுத்தும் காலமும் அதிகம். ஆனால், தவணைகள் தொடர்ந்து தவறினால் இழக்க நேர்வது குடியிருக்கும் வீடு.

இந்தக் கடனை நாடுவோரில் பலர் நேரடியாக வங்கிக்குச் செல்வதில்லை. ஆவணங்களைத் திரட்டுவது முதல் பணம் கைக்கு வருவது வரை அனைத்தையும் தாமே கவனித்துக்கொள்வதாகக் கூறும் கடன் முகவர் ஒருவரை நம்பியே செல்கின்றனர். நல்ல முகவர் கிடைத்தால் அலைச்சல் குறையும்; பொருத்தமான வங்கியும் அமையும். எனினும் அவர் வாய்மொழியாகக் கூறும் எதுவும் கடன் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. எழுத்தில் இருப்பது மட்டுமே செல்லும். அந்த எழுத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை இந்திய ரிசர்வ் வங்கி அண்மை ஆண்டுகளில் தெளிவாக வரையறுத்துள்ளது. அவற்றை அறிந்து முகவரிடம் பேசுவதே வீட்டைப் பணயம் வைப்பவருக்குப் பாதுகாப்பாகும்.

இரு வகைக் கடன்கள்

வீட்டின் மதிப்பைக் கொண்டு பெறும் கடன் இந்தியாவில் பெரும்பாலும் இரு வடிவங்களில் வழங்கப்படுகிறது. கடன் ஏதும் இல்லாத வீடு, கடை அல்லது கட்டடத்தை அடமானம் வைத்துப் பெறுவது சொத்து அடமானக் கடன். ஏற்கெனவே வீட்டுக் கடன் நடப்பில் இருக்க, அதே வீட்டின் பேரில் கூடுதலாகப் பெறுவது ‘டாப்-அப்’ கடன். வெளிநாடுகளில் ‘ஹோம் ஈக்விட்டி’ கடன் எனப்படுவது இதுவே.

இந்த இரண்டாவது வகை குறித்து ரிசர்வ் வங்கியே கவலை தெரிவித்தது. 2024 ஆகஸ்ட் 8 அன்று நிதிக் கொள்கை முடிவை அறிவித்த அப்போதைய ஆளுநர் சக்திகாந்த தாஸ், டாப்-அப் வீட்டுக் கடன்கள் வேகமாக வளர்ந்து வருவதைச் சுட்டிக்காட்டினார். சொத்து மதிப்புக்கும் கடனுக்கும் இடையே இருக்க வேண்டிய விகிதம், பணம் எதற்குச் செலவாகிறது என்ற கண்காணிப்பு ஆகிய விதிகளைச் சில நிறுவனங்கள் முறையாகக் கடைப்பிடிக்கவில்லை என்றும் அவர் கூறினார். எளிதில் கிடைக்கும் பணம் ஊக வணிகத்துக்குத் திருப்பப்படக் கூடும் என்பதே அந்த எச்சரிக்கையின் சாரம்.

வீடு வாங்கப் பெறும் கடனுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. வீட்டுக் கடனில் ரூ.30 லட்சம் வரையிலான தொகைக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை வழங்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. சொத்து அடமானக் கடனில் கடன் நிறுவனங்கள் வழக்கமாக 50 முதல் 70 சதவீதம் வரையே தருகின்றன. வட்டியும் பெரும்பாலும் வீட்டுக் கடனைவிட அதிகமாகவே இருக்கும்.

முகவர் என்பவர் யார்?

‘கடன் நிபுணர்’, ‘கடன் ஆலோசகர்’ என்ற பெயர்களில் அறிமுகமாவோர் மூன்று வகையினர். முதலாமவர் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் ஊழியர். தம் நிறுவனத்தின் கடனை மட்டுமே அவர் வழங்க இயலும். இரண்டாமவர் ‘டிஎஸ்ஏ’ எனப்படும் நேரடி விற்பனை முகவர். ஒன்று அல்லது பல நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு வாடிக்கையாளர்களைச் சேர்த்துத் தருபவர். மூன்றாவது வகை, பல நிறுவனங்களின் கடன்களை ஒரே இடத்தில் ஒப்பிட்டுக் காட்டும் இணையதளங்களும் செயலிகளும் ஆகும்.

காப்பீட்டு முகவருக்கும் பரஸ்பர நிதி விநியோகஸ்தருக்கும் தேர்வும் பதிவும் உள்ளன. கடன் முகவருக்கு ரிசர்வ் வங்கி தனித்தனியாக உரிமம் வழங்குவதில்லை. கடன் நிறுவனம் அவருடன் செய்துகொள்ளும் ஒப்பந்தமே அவருடைய அங்கீகாரம். ஆகவே, ‘ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற ஆலோசகர்’ என்று ஒருவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டால் அதுவே எச்சரிக்கை அடைய வேண்டிய இடம்.

வெளியாரிடம் பணிகளை ஒப்படைப்பது தொடர்பான ரிசர்வ் வங்கியின் விதிகளில் இரண்டு, கடன்தாரருக்கு மிகவும் பயன்படுபவை. கடனுக்கு ஒப்புதல் அளிக்கும் அதிகாரத்தை வங்கி வெளியாரிடம் ஒப்படைக்கக் கூடாது என்பது ஒன்று. எனவே ‘கடன் உறுதி’ என்று எந்த முகவராலும் வாக்களிக்க முடியாது. முகவரின் செயல்களுக்கு அவரை நியமித்த வங்கியே பொறுப்பு என்பது மற்றொன்று. முகவர் தவறான தகவல் தந்தால், ‘அவர் எங்கள் ஊழியர் அல்லர்’ என்று கூறி வங்கி விலகிக்கொள்ள முடியாது.

முகவருக்கான ஊதியம் பெரும்பாலும் கடன் நிறுவனத்திடமிருந்தே வருகிறது. வழங்கப்படும் தொகையில் குறிப்பிட்ட சதவீதமாக அது கணக்கிடப்படுகிறது. கடன் தொகை பெரிதானால் அவருடைய வருவாயும் உயரும். இது குற்றமன்று, தொழிலின் அமைப்பே அவ்வாறு உள்ளது. ஆயினும் ‘எவ்வளவு வாங்கலாம்’ என்ற கேள்விக்கு அவர் தரும் விடையை இந்த உண்மையோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

தகுதி வேறு, தாங்கும் திறன் வேறு

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். போபாலில் சிறிய அச்சகம் நடத்தும் ஒருவரின் வீட்டு மதிப்பு ரூ.60 லட்சம். செலவுகள் போக மாத வருவாய் ரூ.80 ஆயிரம். புதிய இயந்திரம் வாங்க அவருக்குத் தேவை ரூ.20 லட்சம். வீட்டு மதிப்பில் 60 சதவீதம், அதாவது ரூ.36 லட்சம் வரை கிடைக்கும் என்றும், மீதியை வேறு தேவைகளுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றும் முகவர் கூறுகிறார்.

ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் 15 ஆண்டுகளுக்கு ரூ.20 லட்சம் கடன் பெற்றால் மாதத் தவணை சுமார் ரூ.21,490. அது அவரது வருவாயில் 27 சதவீதம். ரூ.36 லட்சம் பெற்றால் தவணை சுமார் ரூ.38,690, வருவாயில் ஏறத்தாழப் பாதி. கடன் நிறுவனத்தின் கணக்கில் இரண்டும் தகுதி வரம்புக்குள் வரக் கூடும். ஆனால் ஆர்டர் குறைந்து வருவாய் ரூ.50 ஆயிரமாகச் சரியும் மாதத்தில், முதல் தவணையைச் சிரமப்பட்டாவது கட்டிவிடலாம். இரண்டாவதைக் கட்டினால் குடும்பத்துக்கு எஞ்சுவது சுமார் ரூ.11 ஆயிரம் மட்டுமே.

ஆகவே முகவரைச் சந்திப்பதற்கு முன்பே, தேவையான தொகை எவ்வளவு, வருவாய் குறையும் காலத்திலும் கட்டக்கூடிய தவணை எவ்வளவு என்ற இரண்டு எண்களைக் குடும்பத்தினர் ஒன்றாக அமர்ந்து முடிவு செய்துகொள்வது நல்லது. ஆறு மாதத் தவணைக்கு ஈடான தொகையைத் தனியே சேமித்து வைத்துவிட்டுக் கடன் பெறுவது மேலும் பாதுகாப்பானது.

முதல் சந்திப்புக்கு முன்

கடன் வரலாற்று அறிக்கையை முதலில் பெற வேண்டும். நாட்டில் இயங்கும் நான்கு கடன் தகவல் நிறுவனங்களான டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் ஆகிய ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாக வழங்க வேண்டும் என்பது விதி. எப்போதோ அடைத்த கடன் இன்னும் நிலுவையாகக் காட்டப்பட்டால் திருத்தக் கோரலாம். புகார் அளித்த 30 நாள்களுக்குள் தீர்வு காணப்படாவிட்டால், அதற்குப் பின் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு பெற கடன்தாரருக்கு உரிமை உண்டு.

அடுத்தது சொத்து ஆவணங்கள். கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்கள், வில்லங்கச் சான்றிதழ் அல்லது பதிவு அலுவலகத் தேடுதல் அறிக்கை, சொத்து வரி ரசீது, ஒப்புதல் பெற்ற கட்டட வரைபடம் ஆகியவற்றை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். இறந்துபோன தந்தையின் பெயரிலேயே இருக்கும் வீடு, வரைபடத்தை மீறிக் கட்டிய மாடி, உடன்பிறந்தோரிடையே பிரிக்கப்படாத பங்கு போன்றவை விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதற்கு வழக்கமான காரணங்கள். இவற்றை மறைக்காமல் முதலிலேயே கூறினால், எந்த நிறுவனம் ஏற்கும், எது ஏற்காது என்பதை அனுபவமுள்ள முகவர் சொல்லிவிடுவார். அவருடைய உண்மையான பயன் இங்குதான்.

ஏற்கெனவே வீட்டுக் கடன் உள்ளவர்கள், அதை வழங்கிய கிளையிலேயே டாப்-அப் கடனுக்கான வட்டியையும் கட்டணத்தையும் முதலில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். முகவர் கொண்டுவரும் சலுகை உண்மையிலேயே சலுகைதானா என்பதை ஒப்பிட அது உதவும்.

முகவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

எந்த நிறுவனத்தின் சார்பில் வருகிறார் என்பதற்கான அங்கீகாரக் கடிதத்தையோ அடையாள அட்டையையோ கேட்பது முதல் படி. பல வங்கிகள் தங்கள் முகவர்களின் பட்டியலை இணையதளத்தில் வெளியிட்டுள்ளன. இல்லையேல் அருகிலுள்ள கிளையில் விசாரிக்கலாம். செயலி வழியாக அணுகுவோர், அது ஒழுங்குமுறைக்கு உட்பட்ட நிறுவனத்துடன் இணைந்ததா என்பதை ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் உள்ள கடன் செயலிகளின் பட்டியலில் பார்த்துக்கொள்ள முடியும்.

அதன் பின் முகவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில. எத்தனை நிறுவனங்களுக்காகப் பணியாற்றுகிறார்? அவற்றில் எத்தனை வங்கிகள், எத்தனை வங்கிசாரா நிறுவனங்கள்? இந்தக் கடனில் அவருக்குக் கமிஷன் தருவது யார்? கடன்தாரரிடமிருந்து தனியாக ஏதேனும் வசூலிப்பாரா? குறைந்தது மூன்று நிறுவனங்களின் வட்டி, கட்டணங்களை எழுத்தில் தருவாரா? இக்கேள்விகளால் எரிச்சல் அடைபவரிடம் வீட்டுப் பத்திரத்தின் நகலைக்கூட ஒப்படைக்காமல் இருப்பது நல்லது.

விலகிச் செல்ல வேண்டிய அறிகுறிகளும் உண்டு. கடன் ஒப்புதலுக்கு முன்பே ‘ஃபைல் செலவு’ என்று ரொக்கம் கேட்பது, வெற்றுப் படிவங்களில் கையெழுத்து வாங்குவது, வருவாயை உயர்த்திக் காட்டும் போலிக் கணக்குகளைத் தயாரித்துத் தர முன்வருவது, கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணைக் கேட்பது, மூலப் பத்திரத்தைத் தம்மிடம் விட்டுச் செல்லும்படி கூறுவது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. போலி ஆவணம் முகவர் தயாரித்ததாகவே இருந்தாலும், விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவரே பதில் சொல்ல வேண்டியிருக்கும். செலுத்த வேண்டிய கட்டணங்களைக் கடன் நிறுவனத்தின் பெயரில் மட்டுமே வங்கி வழியாகச் செலுத்தி ரசீது பெற வேண்டும்.

ஒரே வாரத்தில் பத்து நிறுவனங்களுக்கு விண்ணப்பத்தை அனுப்பி வைக்கும் முகவரும் உதவி செய்வதாகக் கருத முடியாது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கடன் வரலாறு பார்க்கப்படுவது அறிக்கையில் பதிவாகும். குறுகிய காலத்தில் பல பதிவுகள் இருந்தால் மதிப்பெண் குறையக் கூடும்.

முக்கிய விவர அறிக்கை

முகவரின் வாக்குறுதிகள் அனைத்தையும் சோதிக்க உதவும் ஆவணம் ஒன்று இப்போது உள்ளது. 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் அனைத்துச் சில்லறைக் கடன்களுக்கும், குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான தவணைக் கடன்களுக்கும் ‘முக்கிய விவர அறிக்கை’ தரப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அதே ஆண்டு ஏப்ரலில் உத்தரவிட்டது. கடன்தாரருக்குப் புரியும் மொழியில், எளிய படிவத்தில் அது இருக்க வேண்டும். ஏழு நாள்களுக்கு மேற்பட்ட காலம் கொண்ட கடன்களில், அறிக்கை தரப்பட்ட பின் முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வேலை நாள்கள் அவகாசம் உண்டு. ‘இன்றே கையெழுத்திடாவிட்டால் சலுகை போய்விடும்’ என்று அவசரப்படுத்தப்படுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

அந்த அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது ‘ஏபிஆர்’ எனப்படும் ஆண்டுச் சதவீத விகிதம். வட்டியோடு பரிசீலனைக் கட்டணம், சட்ட ஆய்வு, சொத்து மதிப்பீடு, காப்பீடு போன்ற செலவுகளையும் சேர்த்து, கடன் ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதத்தில் முடிகிறது என்பதை அது காட்டும். வட்டி 10 சதவீதம் என்று விளம்பரப்படுத்தும் நிறுவனத்தின் ஏபிஆர், 10.25 சதவீத வட்டி கேட்கும் நிறுவனத்தின் ஏபிஆரைவிட அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. இரு நிறுவனங்களை ஒப்பிடும்போது வட்டியை வட்டியோடு ஒப்பிடாமல், ஏபிஆரை ஏபிஆரோடு ஒப்பிடுவதே சரியான முறை. அறிக்கையில் குறிப்பிடப்படாத எந்தக் கட்டணத்தையும் கடன்தாரரின் வெளிப்படையான சம்மதமின்றிப் பின்னர் வசூலிக்க முடியாது.

கட்டணத்தின் அளவை அச்சக உரிமையாளரின் கணக்கில் பார்க்கலாம். ரூ.20 லட்சத்துக்கு 1 சதவீதப் பரிசீலனைக் கட்டணம் ரூ.20,000. அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் ரூ.23,600. கடன் நிராகரிக்கப்பட்டால் இதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை முன்பே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

காப்பீடு கவனத்துக்குரிய மற்றோர் இடம். கடன்தாரர் இறந்தால் குடும்பம் வீட்டை இழக்காமல் காக்கும் ஆயுள் காப்பீடு பயனுள்ளதே. ஆனால் குறிப்பிட்ட நிறுவனத்தின் பாலிசியை எடுத்தால்தான் கடன் என்று வற்புறுத்த இடமில்லை. ஒற்றைப் பிரீமியம் ரூ.60,000 கடனுடன் சேர்க்கப்பட்டால், அதற்கும் 10 சதவீத வட்டி ஏறும். 15 ஆண்டுகளில் அதற்காகச் செலுத்தும் தொகை ஏறத்தாழ ரூ.1.16 லட்சம் ஆகிவிடும். தனியாக எடுக்கும் டேர்ம் காப்பீட்டின் விலையோடு ஒப்பிட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும்.

வட்டி எதனுடன் இணைந்துள்ளது?

இரண்டு சதவீத வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ரூ.20 லட்சத்தை 15 ஆண்டுகளில் திருப்பிச் செலுத்தும்போது 10 சதவீதத்தில் மொத்த வட்டி சுமார் ரூ.18.7 லட்சம், 12 சதவீதத்தில் சுமார் ரூ.23.2 லட்சம். வேறுபாடு ரூ.4.5 லட்சம்.

வங்கிகள் 2019 அக்டோபர் முதல் வழங்கும் மாறும் வட்டிச் சில்லறைக் கடன்கள், ரெப்போ விகிதம் போன்ற வெளிப்புற அளவுகோலுடன் இணைக்கப்பட வேண்டும். ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்தால் அதன் பயன் வாடிக்கையாளருக்கு விரைவில் வந்து சேரும். இவ்விதி வங்கிசாரா நிதி நிறுவனங்களுக்கும் வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கும் பொருந்தாது. அவை தமது சொந்த அடிப்படை விகிதத்தைப் பின்பற்றுகின்றன. ஆகவே, இன்றைய வட்டி எவ்வளவு என்பதோடு, அது எதனுடன் இணைந்துள்ளது, எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை மாறும் என்பதையும் முகவரிடம் கேட்க வேண்டும்.

வட்டி உயரும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டிப்பதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன்தாரருக்கு அளிக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. கடன் பெறும் நிறுவனம் இதை எவ்வாறு நடைமுறைப்படுத்துகிறது என்பதையும் கேட்டறிவது பயன்தரும்.

முன்கூட்டியே கடனை அடைப்பதற்கான விதிகளும் மாறியுள்ளன. தொழில் அல்லாத தேவைகளுக்குத் தனிநபர் பெறும் மாறும் வட்டிக் கடன்களில் முன்கட்டணம் வசூலிக்கக் கூடாது. 2026 ஜனவரி 1 அன்றோ அதன் பின்னரோ ஒப்புதல் பெறும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களில், தனிநபர்களும் குறு, சிறு தொழில்முனைவோரும் தொழிலுக்காகப் பெறும் மாறும் வட்டிக் கடன்களுக்கும் வர்த்தக வங்கிகள் முன்கட்டணம் விதிக்க முடியாது. சிறு நிதி வங்கிகள், மண்டல கிராமிய வங்கிகள் போன்றவற்றில் இச்சலுகை ரூ.50 லட்சம் வரையிலான கடன்களுக்கு உண்டு. வேறொரு வங்கியில் கடன் வாங்கி அடைத்தாலும் இந்தச் சலுகை பொருந்தும். நிலையான வட்டிக் கடன்களுக்கு இது பொருந்தாது. எனவே கடன் மாறும் வட்டியா, நிலையான வட்டியா, பதிவு செய்யப்படும் நோக்கம் தொழிலா, சொந்தத் தேவையா என்பதை ஒப்புதல் கடிதத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கையெழுத்திடும் நாள்

அடமானம் பெரும்பாலும் உரிமை ஆவணங்களை ஒப்படைக்கும் முறையில் செய்யப்படுகிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதை அங்கீகரிக்கிறது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். அத்தொகையையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூலப் பத்திரங்களைக் கடன் நிறுவனத்தின் கிளையில் நேரடியாக ஒப்படைத்து, ஒவ்வோர் ஆவணத்தின் எண்ணும் தேதியும் பக்க எண்ணிக்கையும் குறிக்கப்பட்ட ஒப்புகைச் சீட்டைப் பெறுவது அவசியம். ஒப்படைக்கும் முன் அனைத்துப் பக்கங்களையும் நகல் எடுத்து வைக்க வேண்டும். வீடு மனைவி, தாய் அல்லது சகோதரருடன் கூட்டாக இருந்தால் அவர்களும் கையெழுத்திட வேண்டியிருக்கும். அதனால் கடனுக்கான பொறுப்பும் அவர்களைச் சேரும். படிவத்தை நீட்டி ‘இங்கே ஒரு கையெழுத்து’ என்று கேட்கும் முன், இந்தப் பொறுப்பை அவர்களுக்கு விளக்க வேண்டிய கடமை கடன் கேட்பவருக்கு உண்டு.

வட்டிக் கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது என்பதையும் சரிபார்க்க வேண்டும். ஒப்புதல் தேதியிலிருந்தோ ஒப்பந்தத் தேதியிலிருந்தோ வட்டி வசூலிக்கும் நடைமுறையை 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி கண்டித்தது. பணம் உண்மையில் வழங்கப்பட்ட நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்பட வேண்டும்.

தவணை தவறினால்

தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால் கடன் வாராக் கடனாக வகைப்படுத்தப்படுகிறது. அதன் பின், 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின் கீழ் வங்கிகளும், தகுதி வரம்புக்குள் வரும் நிதி நிறுவனங்களும் நீதிமன்றத்தில் வழக்குத் தொடராமலேயே சொத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கையைத் தொடங்க முடியும்.

முதலில் 60 நாள் அவகாசம் தரும் நோட்டீஸ் அனுப்பப்படும். அதற்குக் கடன்தாரர் ஆட்சேபம் தெரிவித்தால் நிறுவனம் 15 நாள்களுக்குள் காரணத்துடன் பதிலளிக்க வேண்டும். சொத்தைக் கையகப்படுத்தும் நடவடிக்கை எடுக்கப்பட்டால், 45 நாள்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம். நிலுவை முழுவதையும் செலுத்தி வீட்டை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரை மட்டுமே உள்ளது. 2016-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் இதை வரையறுத்தது, உச்ச நீதிமன்றமும் 2023-இல் உறுதி செய்தது. ஏல அறிவிப்புக்குப் பின் பணத்துடன் ஓடுவதில் பயன் இராது.

எனவே முதல் தவணை தவறும் நிலை தெரிந்தவுடனேயே கடன் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, தவணைக் காலத்தை மாற்றியமைக்கக் கோருவது நல்லது. இக்கட்டத்தில் முகவருக்குச் சட்டப்படி எந்தப் பங்கும் இல்லை. அவரிடம் பேசிக்கொண்டே நாள்களைக் கடத்துவது ஆபத்தானது.

கடன் முடிந்த பிறகு

முழுத் தொகையையும் அடைத்த 30 நாள்களுக்குள் மூலப் பத்திரங்கள் அனைத்தும் திருப்பித் தரப்பட வேண்டும் என்ற விதி 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. நிறுவனத்தின் தவறால் தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.5,000 வீதம் கடன்தாரருக்கு இழப்பீடு தர வேண்டும். பத்திரம் தொலைந்திருந்தால், சான்றிட்ட நகல் பெற உதவுவதோடு அதற்கான செலவையும் நிறுவனமே ஏற்க வேண்டும்.

நிலுவையில்லாச் சான்றிதழைப் பெறுவதோடு, ‘செர்சாய்’ எனப்படும் மத்திய அடமானப் பதிவகத்தில் அந்த வீட்டின் மீதான பதிவு நீக்கப்பட்டதையும், பதிவு அலுவலக ஆவணங்களில் அடமானம் விடுவிக்கப்பட்டதையும் சரிபார்க்க வேண்டும். இவை விடுபட்டால், பல ஆண்டுகளுக்குப் பின் வீட்டை விற்க முயலும்போது சிக்கல் எழும்.

புகார் அளிக்க

முகவர் மீதான புகாரை முதலில் அவரை நியமித்த வங்கி அல்லது நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் எழுத்தில் அளிக்க வேண்டும். 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் வழிகாட்டுதல் பெறலாம். வீட்டுவசதி நிதி நிறுவனங்கள் மீதான புகார்களைத் தேசிய வீட்டுவசதி வங்கி விசாரிக்கிறது. முகவருடனான உரையாடல்கள் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ இருந்தால், அவையே பின்னாளில் சான்றாக அமையும்.

வேண்டாம் என்று சொல்பவர்

சில தேவைகளுக்கு வீட்டைப் பணயம் வைப்பது பொருத்தமன்று. சில மாதங்களில் திரும்பிவிடும் சிறு தொகைக்கு நகைக் கடன் எளிது. மேற்படிப்புக்கு, படிப்பு முடிந்த பிறகு தவணை தொடங்கும் கல்விக் கடனை முதலில் பார்க்கலாம். சிறுதொழிலுக்குப் பிணையின்றிக் கிடைக்கும் அரசு உத்தரவாதக் கடன்கள் உள்ளன. நிரந்தர வருவாய் இல்லாத, 60 வயது கடந்தோருக்கு, மாதத் தவணை கட்டத் தேவையில்லாத தலைகீழ் அடமானத் திட்டம் உண்டு. பங்குச் சந்தையில் முதலீடு செய்யவோ, ஏற்கெனவே கட்ட முடியாமல் நிற்கும் கடன்களுக்கு வட்டி கட்டவோ வீட்டை அடமானம் வைப்பது, சிக்கலைத் தள்ளிப்போட்டு வீட்டையும் அதனுள் இழுத்துவிடும்.

ரூ.36 லட்சம் கிடைக்கும் என்று கூறும் முகவரும், ரூ.20 லட்சம் போதும் என்றோ, அச்சு இயந்திரத்தின் பேரிலேயே கடன் பெற முடியுமா என்று முதலில் பார்ப்போம் என்றோ கூறும் முகவரும் ஒரே ஊரில் இருக்கக் கூடும். இரண்டாமவருக்கு அன்று கமிஷன் குறையும். கடன் முடிந்து பத்திரம் வீடு திரும்பும் நாளில், அடுத்த உறவினருக்கு அந்தக் குடும்பம் பரிந்துரைப்பது அவருடைய பெயராகவே இருக்கும்.